ஓடிக்கொண்டே நின்ற வண்டி

எங்கள் பெரியப்பா ஒரு வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பதை அந்தத் தெரு முதலில் மூக்கால்தான் தெரிந்துகொள்ளும். டீசல் வாடை வரும். அப்புறம் ஜன்னல் கம்பிகள் சன்னமாக அதிரும். அதற்கும் அப்புறம்தான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இடது கையில் இரண்டு செல்போன்கள் சகிதம் ஆள் உள்ளே நுழைவார். நாற்காலியை நாம் இழுத்துப் போடுவதற்குள் சொல்லிவிடுவார். "இருக்கல்லாம் நேரமில்லத்தா. வண்டி ஓடிக்கிட்டு நிக்குது."

ஓடுகிற வண்டி எப்படி ஐயா நிற்கும் என்று கேட்கக் கூடாது. அவர் வண்டி அப்படித்தான். டிரைவர் முனியசாமி உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருப்பார். எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். பெரியப்பா காபி குடிப்பார், வடை இருக்கிறதா என்று விசாரிப்பார், பரமக்குடி முதல் பாம்பன் வரைக்கும் யார் யாருக்கு என்ன சண்டை என்று ஒன்று விடாமல் சொல்வார், சோற்றுக்கு இலை போட்டால் மறுக்க மாட்டார். கை கழுவிவிட்டு வந்து, "வண்டி வேற ஓடிக்கிட்டு நிக்குது" என்று கவலைப்பட்டுக்கொண்டே தலையணை கேட்பார். அது கூரை வரைக்கும் உயர்ந்த வெள்ளை நிற டீசல் கார். பாவம், அதற்கு வாழ்க்கையில் பார்க்கக் கிடைத்ததெல்லாம் அடுத்தவர் வீட்டு வாசல்கள்தான்.

அவர் எங்கள் அய்யாவின், அதாவது அப்பாவின், கூடப்பிறந்த அண்ணன். பரமக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் எங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு. பெரியப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டார், பெரிய மனிதர் ஆனார், ராமநாதபுரத்தில் மாடி வீடு கட்டினார். அய்யா அதே ஊரில் மிளகாய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்து, வத்தல் மூட்டைகளுக்கு நடுவிலேயே பாதி ஆயுசைக் கழித்தார். வத்தல் நெடி அவருடைய நெஞ்சைத் தின்றுவிட்டது. ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடுவார். டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார், "மாத்திரைய விட இவருக்குக் காத்துதான் மருந்து. வீட்டுல ஊதுபத்தி கூடக் கொளுத்தாதீங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாம்பிராணி கிடையாது, கொசுவர்த்தி கிடையாது. அம்மா தாளிப்பதற்குக்கூட அடுப்பைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்விட்டாள். அய்யாவின் கட்டிலை முன்னறையில் ஜன்னலோரம் போட்டோம், நல்ல காற்று வரட்டும் என்று. அந்த ஜன்னல் சந்துப் பக்கம் பார்த்து இருந்தது. எங்கள் சந்து, கேணிக்கரைப் பக்கம் இருக்கிற ஒரு முட்டுச்சந்து. பெரியப்பாவின் வண்டி எப்போதும் பின்னோக்கித்தான் அதற்குள் வரும். கிளம்பும்போது சட்டென்று கிளம்ப வேண்டும் அல்லவா, பெரிய மனிதர்! ஆகவே வண்டியின் முகம் ரோட்டைப் பார்த்து நிற்கும். புகைக்குழாய் அய்யாவின் ஜன்னலைப் பார்த்து நிற்கும்.

ஒரு தடவை அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது கேட்டேன். "பெரியப்பா, வந்த எடத்துல கொஞ்ச நேரம் நிப்பாட்டித்தான் வைக்கலாமே?"

"அடப் போத்தா, வெவரம் தெரியாதவளே. எஞ்சின நிப்பாட்டிப்புட்டு ஒரு வீட்டுக்குள்ள போயி உக்காந்தேன்னு வையி, இவனுக்கு வேற சோலி இல்ல போலருக்குன்னு நெனச்சுக்குவாய்ங்க. வெளிய வண்டி உறுமிக்கிட்டு நின்னாத்தான் உள்ள இருக்கவனுக்கு ஒரு பயம் இருக்கும்."

பயம் உண்மைதான். சொந்தக்காரர்களுக்குள் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாவற்றுக்கும் அவர்தான் பஞ்சாயத்து. அந்த உறுமலுக்கு நடுவே யாரும் நியாயம் பேச முடியாது. யாருக்குத் தொண்டை பெரிதோ அவர் சொல்வது மட்டும் கேட்கும். மெல்லப் பேசுகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், "சரிங்க மாமா, நீங்க சொல்றபடியே ஆகட்டும்" என்று இருமிக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். அதைத் தன் பேச்சுத் திறமை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பாதி வேலையைப் பார்த்தது எஞ்சின்.

உச்சிப்புளிக்குப் பெண் பார்க்கப் போன கதையைச் சொல்கிறேன். சொந்தக்காரப் பையன் ஒருவனுக்காகப் போயிருந்தோம். பெண் வீடு ரோட்டை ஒட்டி, தெருவாசலுக்கு நேரே கூடம். வாசலை அடைத்துக்கொண்டு வண்டி நின்றது, ஓடிக்கொண்டே. பெண்ணின் அப்பா வியர்த்து விறுவிறுத்து, "இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். பெரியப்பா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளைய வரச் சொல்லுங்க, நேரமாகுது" என்றார். அந்தப் பிள்ளை காபித் தட்டோடு வந்தாள். நடுக்கூடத்துக்கு வந்ததும் இரண்டு இருமல். தட்டு ஆடியது. பையனின் அம்மாவைப் பார்த்து மூன்றாவது இருமல். அவ்வளவுதான். பையனின் அம்மா என் கையைக் கிள்ளினாள்.

பெண்ணின் அப்பா பதறிப்போய், "வெளிய பொகைங்க, அதான்" என்றார்.

"பொகையா? எங்க பொகை?" என்று பெரியப்பா உண்மையாகவே நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அவர் நடிக்கவில்லை. அந்த வாடை அவர் மூக்குக்கு எப்போதோ பழகிப்போயிருந்தது.

சம்பந்தம் கலைந்தது. திரும்பி வரும்போது, "நல்லவேள தப்பிச்சோம். அந்தப் பிள்ளைக்கு நெஞ்சுல என்னமோ இருக்கு" என்றார். பையனின் அம்மா தலையாட்டினாள். "பெரியப்பா, எனக்குந்தான் இருமல் வந்துச்சு. உங்களுக்குந்தான் கண்ணு செவந்து கெடக்கு" என்றேன். "அது ஏசி காத்துத்தா" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார். அந்தப் பெண் அப்புறம் வேறொரு இடத்தில் கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள். நல்லவேளை தப்பித்தது அவள்தான்.

நான் வேலை பார்த்தது ராமநாதபுரத்துக்கு வெளியே பைபாஸில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில். வண்டி கொண்டு வருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்டு உள்ளே சொல்லி அனுப்புவது என் வேலை. ஒருநாள் பெரியப்பாவின் வண்டியே வந்து நின்றது. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது என்று முனியசாமி சொன்னார். எங்கள் சூப்பர்வைசர் பானெட்டைத் திறக்கப் போய், திகைத்து நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஆஃப் பண்ணாத்தான் பாக்க முடியும்."

"சும்மா மேலோட்டமாப் பாத்துச் சொல்லுங்க. எனக்குப் போகணும், வண்டி ஓடிக்கிட்டு நிக்குதுல்ல" என்றார் பெரியப்பா. பழுது பார்க்கிற இடத்திலும் அதே பாட்டு! சர்வீஸ் சென்டர் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒருவழியாக நிறுத்திப் பார்த்தார்கள். புகைக்குழாயின் வழியில் ஒரு வடிகட்டி உண்டு, டீசல் கரியைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு. வண்டி ரோட்டில் ஏறி நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடினால் குழாய் பழுக்கச் சூடாகி, பிடித்து வைத்த கரி தானாக எரிந்துபோகும். ஊருக்குள் உருட்டினால் அந்தச் சூடு வராது. எங்கள் ஊரில் எங்கே வரும்? அரண்மனைப் பக்கம் போனால் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுவதற்குள் ஒரு ஆடு குறுக்கே வரும், ஷேர் ஆட்டோ நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றும். நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து போகிற வண்டிதான் அதிகமாகக் கரியைக் கக்கும். குளிர்ந்து கிடந்த எஞ்சினைக் கிளப்பி எடுத்த முதல் சில நிமிடப் புகை அதைவிட மோசம். பெரியப்பாவின் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தே வரலாம். அவர் காரில் வருவார். எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். அப்புறம் நின்றபடியே ஓட்டம்.

"சார் ஊருக்குள்ளயே ஓட்டுறீங்க, அதான் அடச்சுக்கிருச்சு" என்றார் சூப்பர்வைசர்.

"ஊருக்குள்ள எங்கய்யா ஓட்டுறேன்? நிக்கத்தானே செய்யுது!"

"அதத்தான் சார் நானும் சொல்றேன்."

மருந்து என்னவென்றால், ராமேஸ்வரம் ரோட்டைப் பிடித்து, எங்கும் நிற்காமல், ஒரே சீரான வேகத்தில் ஒரு ஓட்டம் போய்விட்டு வர வேண்டும். சர்க்கரை வியாதியை விடக் கடுமையான பத்தியம் பெரியப்பாவுக்கு. வழியில் நிற்காமல் போவதற்கு எதற்குக் கார் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். சர்வீஸ்காரப் பிள்ளை கூட இருக்கட்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

உச்சிப்புளி தாண்டவில்லை, டீக்கடையில் தெரிந்த முகம். "ஏலே முனியசாமி, ஓரங்கட்டு. ஒரு வார்த்த பேசிட்டு வாரேன்." அந்த ஒரு வார்த்தை இரண்டு டீ, ஒரு பருப்பு வடை அளவுக்கு நீண்டது. மண்டபத்தில் ஒரு துட்டி வீடு. செத்தவர் யாரென்று அவருக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கொட்டகையைப் பார்த்துவிட்டு இறங்காமல் போவது மரியாதை இல்லையாம். பாம்பன் பாலத்தில் ஏறினால் அங்கே ஊர்ப்பட்ட கூட்டம். விடுமுறைக்கு வந்த கார்கள் அத்தனையும் எஞ்சினை ஓடவிட்டு, பாலத்தின் மேலேயே நின்று, கடலையும் ரயில் பாலத்தையும் படம் எடுத்துக்கொண்டிருந்தன. பெரியப்பா இறங்கிக் கைப்பிடிச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு, தன் இனத்தாரைப் பார்த்துவிட்டவர் மாதிரி. காற்று அடித்துப் புகையையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோனது. அந்த வண்டி யாரும் இருமாமல் நின்ற ஒரே இடம் அதுதான்.

அக்காள்மடத்தில் அவருக்கு மீன்பிடிக்கிற போட்டுக்காரர் ஒருவர் சிநேகிதம். அந்த வீட்டம்மா வாசலில் சாக்கு விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் காக்கா விரட்டும் குச்சி. வண்டி பின்னோக்கி வந்து, மிகச் சரியாகக் கருவாட்டுக்கு நேரே குழாயைக் காட்டி நின்றது.

"மாதாவே! அண்ணே, என்ன வேல பாக்குறீய? கருவாட்டுல பொகைய விடுறீயளே. வண்டிய அமத்துங்க மொதல்ல!"

"இந்தாத்தா, கெளம்பிட்டேன். ஓடிக்கிட்டுத்தானே நிக்குது."

"அதத்தான் நானும் சொல்லுறேன். ஓட்டுனா ஓட்டிட்டுப் போங்க. நின்னா நிப்பாட்டுங்க. இந்தக் கருவாட்ட நாளைக்கு எவன் வாங்குவான், நீங்க வாங்குவீயளா?"

பெரியப்பா ஏறி உட்கார்ந்து, "கடற்கரப் பொம்பளைக்கு மட்டு மரியாத தெரியாது" என்று தங்கச்சிமடம் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்கோ அந்த அம்மாவின் வாயைக் கடன் வாங்கிக்கொண்டு போனால் என்ன என்று இருந்தது. அந்த அம்மாவுக்குக் காய்கிற கருவாடு பெரிதாக இருந்தது. கேட்டுவிட்டார். எங்கள் வீட்டில் படுத்திருந்தது ஒரு மனுஷன். அதைக் கேட்க எங்கள் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தோம். கோயில் வாசலில் வண்டியை ஓடவிட்டுவிட்டுப் போய், சாமிக்கும் ஐந்து நிமிடம்தான் கொடுத்தார். திரும்பி ராமநாதபுரம் வந்து சேர்ந்தபோது மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. "உங்க சர்வீஸ் சென்டர்ல ஒருத்தனுக்கும் தொழில் தெரியலத்தா" என்றார்.

அதற்கப்புறம் எங்கள் சர்வீஸ் சென்டருக்கு வரவில்லை. ஊர் ஓரத்தில் ஏதோ ஒரு பட்டறையில் அந்த வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, வெறும் குழாயை மாட்டி, விளக்கும் எரியாதபடி செய்துகொண்டு வந்தார். அப்படிச் செய்யக் கூடாது என்று பட்டறைக்காரருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாளே எங்கள் சந்துக்குள் வண்டி வந்தது. முன்பெல்லாம் வாடைதான் வரும். இப்போது கண்ணால் பார்க்கிற மாதிரியே வந்தது, கறுப்பாக. எதிர்வீட்டுக்காரர்கள் கொடியில் கிடந்த வேட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

பெரியப்பா அய்யாவின் கட்டிலருகே உட்கார்ந்து, முகமெல்லாம் மலர்ந்து சொன்னார், "இத்தன நாளா வண்டிக்கு மூக்கடச்சிருந்துச்சுடா தம்பி. இப்பத்தான் நல்லா மூச்சு விடுது."

அய்யா சிரித்தார். சிரித்ததும் இழுப்பு வந்துவிட்டது. நான் நெபுலைசர் முகமூடியை எடுத்து அவர் மூக்கில் வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் பாவம். தம்பி மேல் அவருக்கு உயிர். கிராமத்திலிருந்து நுங்கு வந்தால் முதல் குலை எங்கள் வீட்டுக்குத்தான். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்று சொன்னபோது அங்கேயே நின்று கத்தி இடம் வாங்கிக் கொடுத்தவர் அவர். அய்யாவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் சாப்பிடுகிற சோற்றை அப்படியே வைத்துவிட்டு வருவார். அதுதான் கொடுமையே. அய்யா எவ்வளவுக்கு மோசமானாரோ அவ்வளவுக்கு அவர் அடிக்கடி வந்தார். அவர் எவ்வளவுக்கு அடிக்கடி வந்தாரோ அவ்வளவுக்கு அய்யா மோசமானார்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஜன்னலைச் சாத்திப் பார்த்தோம், புகை வாசல் வழியாக வந்தது. வாசலையும் சாத்தினால் பெரியப்பா, "என்னத்தா, வீட்டுல ஆள் இல்லயா?" என்று தட்டுவார். அம்மா பழைய சேலையை நனைத்து ஜன்னலில் கட்டினாள். காய்ந்து அவிழ்க்கும்போது அதில் கரி படிந்திருந்தது. நான் பெரியப்பாவிடமே சொன்னேன். "இந்தாத்தா, கெளம்பிட்டேன்" என்று சொல்லி மேலும் ஒரு காபி குடித்தார். முனியசாமியிடம் கெஞ்சினேன். "நிப்பாட்டுனா முதலாளி என் உசிர எடுத்துருவாருத்தா. அதுவுமில்லாம இந்த வெயில்ல ஏசி இல்லாம உள்ள உக்கார முடியுமா?" என்றார்.

அய்யாவிடம் போனேன். "அய்யா, நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

"வேண்டாம் பிள்ள. அண்ணன் மனசு சங்கடப்படும். இம்புட்டு வேலையிலயும் எனக்காக வாராரு. விடு."

எந்த வேலை, ஐயோ, எந்த வேலை! அந்த மனிதருக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அய்யாவுக்கு மட்டும் தெரியாது. தனக்கு மூச்சு முட்டினாலும் பரவாயில்லை, அண்ணன் முகம் வாடக் கூடாது. இப்படி ஒரு தம்பியும் அப்படி ஒரு அண்ணனும் அமைந்தால் நடுவில் இருக்கிறவர்கள் என்னதான் செய்வது?

மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது அய்யாவுக்கு மூச்சு திணறி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தடவ இப்புடி வந்தா அவரு தாங்க மாட்டாரும்மா. பொகை, தூசி எதுவும் பக்கத்துல அண்டக் கூடாது. அத மட்டும் பாத்துக்கங்க." தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் துணியை அடைத்தேன்.

மறுநாள் மத்தியானம் வண்டி வந்தது. பின்னோக்கி வந்து, ஜன்னலுக்கு நேரே நின்று, உறுமத் தொடங்கியது. பெரியப்பா உள்ளே வந்தார். தம்பி கண்ணை மூடிக் கிடப்பதைப் பார்த்துக் கண் கலங்கினார். உட்கார்ந்ததும் உரக்கப் பேச ஆரம்பித்தார். மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கன தெரிந்த டாக்டர் இருக்கிறார், இன்றைக்கே போன் போடுகிறேன், ராமநாதபுரத்தில் வைத்தியமே சரியில்லை. பேசிக்கொண்டே அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்னத்தா இது? ரூம இப்புடிப் பூட்டி வச்சா மனுசனுக்கு எப்புடி மூச்சு வரும்?"

நான் "பெரியப்பா, வேண்டாம்" என்பதற்குள் எழுந்துபோய், இடுக்கில் இருந்த துணியைப் பிடுங்கிப் போட்டு, ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவிட்டார். "காத்து வரட்டும்" என்றார். வந்தது. கறுப்பாக, சூடாக, நேராக அய்யாவின் தலைமாட்டுக்கு வந்தது.

நான் வெளியே போனேன். முனியசாமி ஏசியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, அவர் மடிக்கு மேலே கையை நீட்டிச் சாவியைத் திருகி உருவினேன். அவர் திடுக்கிட்டு விழித்து, "ஆத்தா, ஆத்தா, முதலாளி..." என்றார். சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவர் வந்திருக்கும்போது எங்கள் சந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. யார் வீட்டிலோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டு வந்தது. என்னைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டார்.

"நிப்பாட்டலயேத்தா. இன்னும் உறுமிக்கிட்டுத்தானே கெடக்கு?"

"நிப்பாட்டியாச்சு பெரியப்பா."

"பெறகு என்ன சத்தம் அது?"

"அது அய்யா மூச்சு."

அவர் நம்பவில்லை. ஜன்னல் வழியாக எட்டி வண்டியைப் பார்த்தார். அது சும்மா நின்றது. திரும்பி வந்து கட்டிலருகே குனிந்தார். அய்யாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. ஒவ்வொரு ஏற்றத்திலும் உள்ளே எதையோ கரகரவென்று இழுத்துப் போடுகிற மாதிரி, பிறகு விசில் மாதிரி, பிறகு ஒன்றுமில்லாமல் ஒரு நொடி, பிறகு மறுபடியும் இழுப்பு. இத்தனை நாளாக அடிக்கடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனவர், தம்பியின் மூச்சை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார். அவர் கை தானாக நீண்டு அய்யாவின் நெஞ்சின் மேல் போய் நின்றது.

"எத்தன நாளாத்தா இப்புடி?" என்று என்னைப் பார்க்காமலேயே கேட்டார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது. அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

நான் பதில் சொல்வதற்குள் அடுப்படிக் கதவு அசைந்தது. புருஷனின் அண்ணன் என்பதால் அம்மா அவர் முன்னால் வந்து நின்றதே கிடையாது. எதுவானாலும் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம்தான் சொல்வாள், நான் அவரிடம் சொல்வேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க வந்துட்டுப் போற நாளெல்லாம் இப்புடித்தான்."